‘நல்லா இருக்கு’ மட்டும் போதாது... ஒரு குட்டி டூலை வாழவைக்கும் முதல் ஐந்து பேர்!

கைப்பேசியில் ஒரு செய்தியைத் திறக்கிறீர்கள். மேலே ஒரு விளம்பரம், கீழே ஒரு விளம்பரம், நடுவில் தானாக ஓடத் தொடங்கும் வீடியோ. செய்தி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அலுத்துவிடுகிறது. ஐபோனின் சஃபாரி பிரவுசரிலோ, ஃபயர்ஃபாக்ஸிலோ இருக்கும் ‘ரீடர்’ வசதியைத் தெரிந்தவர்கள் அதைத் தட்டுவார்கள். அடுத்த நொடி விளம்பரங்கள் காணாமல் போகும். வெள்ளைப் பின்னணியில் செய்தி மட்டும், படிக்கத் தோதான எழுத்தில் நிற்கும்.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. 2009இல் நியூயார்க்கைச் சேர்ந்த ‘ஆர்க்90’ என்ற நிறுவனம் ‘ரீடபிலிட்டி’ என்றொரு சின்னக் கருவியை இலவசமாக வெளியிட்டது. எழுத்தின் பாணி, அளவு, ஓரத்து இடைவெளி ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு பட்டனை பிரவுசரின் மேல் வரிசைக்கு இழுத்துவிட வேண்டும். பிறகு எந்தப் பக்கத்தில் அதை அழுத்தினாலும் பக்கம் சுத்தமாகிவிடும். 2010 ஜூனில் சஃபாரியின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, அதன் ரீடர் வசதிக்குள் ஆர்க்90 எழுதிய நிரல் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் ரீடருக்கும் அதே நிரல்தான் மூலம்.

ஆப் ஸ்டோரும் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. இழுத்துவிடும் ஒரு பட்டனாகத் தொடங்கிய கருவி, இன்று கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கிறது. இந்த வகைக் கருவிக்கு ‘புக்மார்க்லெட்’ என்று பெயர்.

ரீடபிலிட்டி போலப் பிழைத்தவை சில. பிறந்த வேகத்தில் மறைந்துபோனவை ஏராளம். யோசனை மோசமாக இருந்ததால்தான் அவை எல்லாம் மறைந்தன என்று சொல்லிவிட முடியாது. முதலில் பயன்படுத்தியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பது உருவாக்கியவருக்குத் தெரியாமலே போவதும் ஒரு பெரிய காரணம். அதைத் தெரிந்துகொள்வது எப்படி? தெரியப்படுத்த வேண்டிய நாம் என்ன செய்யலாம்?

புக்மார்க்லெட் என்றால் என்ன?

புக்மார்க் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிடித்த இணையப் பக்கத்தின் முகவரியைச் சேமித்து வைக்கிறோம். அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும்.

புக்மார்க்லெட்டும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். ஆனால், உள்ளே முகவரிக்குப் பதிலாக ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய சில வரி நிரல் இருக்கும். அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே ஒரு வேலையைச் செய்யும். எழுத்தைப் பெரிதாக்கும், பக்கத்தைப் பிறகு படிக்கச் சேமிக்கும், தேர்ந்தெடுத்த சொல்லை மொழிபெயர்ப்புத் தளத்துக்கு அனுப்பும். எந்த வேலை என்பது எழுதியவரின் கையில்.

‘புக்மார்க்லெட்’ என்ற பெயரை வைத்தவர் ஸ்டீவ் காங்காஸ். 1998இல் அதே பெயரில் ஒரு தளத்தைத் தொடங்கி, இதுபோன்ற கருவிகளைத் தொகுத்துத் தந்தார். தமிழர்களுக்கும் இது புதிதல்ல. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வருவதற்கு முந்தைய நாள்களில், எந்தப் பக்கத்திலும் தமிழில் தட்டச்சு செய்ய கூகுள் தந்த ஒலிபெயர்ப்புப் பட்டனைப் பலர் பயன்படுத்தியிருப்பார்கள். அதுவும் ஒரு புக்மார்க்லெட்தான்.

இதை உருவாக்க அலுவலகம் வேண்டாம், முதலீடு வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் கற்ற ஒரு கல்லூரி மாணவர் ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சத்தமில்லாமல் போய்விடுவார்கள்

ஒரு ஹோட்டலில் சாம்பார் உப்புக் கரித்தால் சிலர் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். பலர் பேசாமல் பில்லைக் கட்டிவிட்டு, அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். இலவச டூல் விஷயத்தில் பில் கூடக் கிடையாது. ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். எதுவும் நடக்காவிட்டால் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆப் என்றால் ஆப் ஸ்டோரில் நட்சத்திரம் கொடுக்கலாம், திட்டி நாலு வரி எழுதலாம், எத்தனை பேர் நீக்கினார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். புக்மார்க்லெட்டுக்கு இவை எதுவும் தானாகக் கிடைக்காது. அது பயனரின் பிரவுசரில் ஒரு புக்மார்க்காக உட்கார்ந்திருக்கும். தினமும் பயன்படுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று உருவாக்கியவருக்குத் தெரியாது. மௌனத்துக்கு ‘எல்லோருக்கும் பிடித்திருக்கிறது’ என்று பொருளா, ‘யாருக்குமே வேலை செய்யவில்லை’ என்று பொருளா?

அதனால்தான் இந்தக் கருவிகளுக்கு முதல் பயனர்கள் சொல்லும் கருத்து அவ்வளவு முக்கியமாகிறது. கேட்டு வாங்கினால்தான் அது கிடைக்கும்.

எங்கே இடறுகிறார்கள்?

உருவாக்கியவர் கவலைப்படுவது நிரலைப் பற்றி. பயனர் தடுமாறுவதோ பெரும்பாலும் அதற்கு முன்னால், நிறுவும் இடத்தில்.

வழக்கமாக இந்தக் கருவிகளின் பக்கத்தில், ‘இந்தப் பட்டனை புக்மார்க் பாருக்கு இழுத்து விடுங்கள்’ என்று இருக்கும். எழுதியவருக்கு இது ஒரு வரி. பயனருக்கு இதில் மூன்று சிக்கல்கள்.

முதல் சிக்கல், புக்மார்க் பாரே கண்ணில் படாது. குரோமில் யாரும் மாற்றாதவரை, அது புதிய டேப் திறக்கும்போது மட்டும் தெரியும். வேறு பக்கத்துக்குப் போனதும் மறைந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிரந்தரமாகத் தெரியும் என்பது டெவலப்பருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு?

இரண்டாவது சிக்கல், பட்டனைப் பார்த்தால் யாருக்கும் அழுத்தத்தான் தோன்றும், இழுக்கத் தோன்றாது. அழுத்துவார்கள். நிறுவும் பக்கத்திலேயே அதற்கு வேலை இல்லாததால் எதுவும் நடக்காது. ‘இது ஓடல’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். கைப்பேசியில் இழுத்துவிட மேலே பாரே இல்லை. ஐபோனில் என்றால் ஏதாவது ஒரு பக்கத்தை புக்மார்க் செய்து, பிறகு அதைத் திருத்தி, முகவரியை அழித்துவிட்டு நிரலை ஒட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமிலும் இதே வேலைதான். பயன்படுத்தும்போது, அந்த புக்மார்க்கின் பெயரை முகவரிப் பெட்டியில் தட்டச்சு செய்து, கீழே வரும் பரிந்துரையில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் ஒரே கிளிக்கில் முடிகிற வேலை இங்கே மலையேற்றமாகிவிடுகிறது.

நிறுவிய பிறகும் ஒரு மர்மம் காத்திருக்கும். ஒரு தளத்தில் ஓடும் கருவி இன்னொரு தளத்தில் ஓடாது. பாதுகாப்புக்காகச் சில தளங்கள், ‘எங்கள் பக்கத்தில் வெளியிலிருந்து வரும் நிரல் ஓடக் கூடாது’ என்று பிரவுசருக்கு உத்தரவு போட்டிருக்கும். உருவாக்கியவர் சோதித்துப் பார்த்த நான்கு தளங்களில் அந்தத் தடை இல்லாமல் இருந்திருக்கலாம். பயனர் தினமும் போகும் தளத்தில் இருக்கலாம்.

இதில் எதையும் உருவாக்கியவர் தன் கணினியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அவருடைய பிரவுசரில் பார் எப்போதும் திறந்திருக்கும். இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சொந்த வீட்டில் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. விருந்தாளிக்குத்தான் அந்தத் தேடல்.

முதல் 5,000 பேருக்கு நேரடிக் கடிதம்

‘பின்ட்ரஸ்ட்’ தளம் பலருக்குத் தெரிந்திருக்கும். கோலம், பிளவுஸ் டிசைன், சமையல், வீட்டு அலங்காரம் என்று படங்களைச் சேர்த்துவைக்கும் இடம். அந்தத் தளத்தின் ஆரம்ப காலத்தில், இணையத்தில் பார்த்த படத்தைச் சேமிக்க உதவியது ‘பின் இட்’ என்ற புக்மார்க்லெட். பிரவுசரின் மேல் வரிசையில் வைத்துக்கொண்டு, பிடித்த படம் கண்ணில் பட்டதும் அழுத்த வேண்டியதுதான்.

2010 மார்ச்சில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய அந்தத் தளத்தில், 9 மாதம் கழித்தும் சுமார் 10,000 பயனர்கள்தான் இருந்தார்கள். இணைய நிறுவனங்களின் கணக்கில் இது மிகச் சிறிய எண். ஆனால், அதன் நிறுவனர்களில் ஒருவரான பென் சில்பர்மன், முதல் 5,000 பயனர்களுக்குத் தானே கடிதம் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். தன் சொந்தத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். சிலரை நேரிலும் சந்தித்தார்.

இதற்கு முன் அவருடைய குழு ‘டோட்’ என்ற ஷாப்பிங் ஆப்பை உருவாக்கியிருந்தது. பொருள் வாங்குவதற்காகச் செய்த ஆப் அது. ஆனால், பயனர்களோ பிடித்த பொருள்களைத் தொகுத்துவைக்கத்தான் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். வாங்கவில்லையே என்று வருத்தப்பட்டு நிற்காமல், மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்ததில் பிறந்ததுதான் பின்ட்ரஸ்ட்.

ஜிமெயிலுக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. வெளியே விடுவதற்கு முன், கூகுள் நிறுவனத்துக்குள்ளேயே மகிழ்ச்சியான 100 பயனர்களைச் சம்பாதிக்க வேண்டும் என்பது அதை உருவாக்கிய பால் புக்ஹைட்டுக்கு வைக்கப்பட்ட இலக்கு. அவர் ஒவ்வொருவராக அணுகி, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு, அதைச் செய்துகொடுத்தார். 2004 ஏப்ரல் 1 அன்றுதான் ஜிமெயில் வெளியுலகுக்கு வந்தது.

எத்தனை பேர் வேண்டும்?

‘5,000 பேருக்குக் கடிதம் எழுத எனக்கு நேரம் எங்கே?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். தொடக்கத்துக்கு அத்தனை பேர் தேவையில்லை.

மென்பொருள்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நீண்டகாலமாக ஆராய்ந்தவர் டென்மார்க்கில் பிறந்த யாகோப் நீல்சன். அவரும் டாம் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாக வைத்து, 2000இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்பது அதன் சாரம்.

கணக்கு எளிமையானது. அவர்கள் ஆராய்ந்த சோதனைகளில், ஒரு பயனர் சராசரியாக 31 சதவிகிதக் குறைகளை வெளிப்படுத்தினார். இரண்டாவது நபர் அவற்றில் சிலவற்றில் மறுபடியும் இடறி, புதிதாகச் சிலவற்றைக் காட்டுவார். மூன்றாவது நபரிடம் புதியவை இன்னும் குறையும். ஐந்தாவது நபர் முடிக்கும்போது சுமார் 85 சதவிகிதக் குறைகள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலும் பழைய பல்லவிதான்.

15 பேர் கிடைத்தாலும் அவர்களை ஒரே நேரத்தில் உட்காரவைக்க வேண்டாம் என்பது நீல்சனின் யோசனை. முதலில் ஐந்து பேர். அவர்கள் காட்டிய குறைகளைச் சரிசெய்ய வேண்டும். அடுத்த ஐந்து பேர். மறுபடி சரிசெய்ய வேண்டும். பிறகு கடைசி ஐந்து பேர். முதல் சுற்றில் கதவே திறக்காவிட்டால், உள்ளே இருக்கும் குறைகள் யார் கண்ணிலும் படாது. கதவைச் சரிசெய்த பிறகுதான் உள்ளறை தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐந்து பேரும் உங்கள் வகுப்புத் தோழர்களாக இருந்தால் பயனில்லை. கருவி யாருக்கானதோ அவர்களில் ஐந்து பேர் வேண்டும். முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுவான கருவி என்றால், இரு தரப்பிலிருந்தும் தனித்தனியாக ஆள் வேண்டும்.

அம்மாவிடம் கேட்கக் கூடாத கேள்வி

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் ஒரு பெண், செய்திப் பக்கங்களின் எழுத்தைப் பெரிதாக்கும் புக்மார்க்லெட் ஒன்றை உருவாக்கியிருக்கிறாள். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அத்தையிடம் லேப்டாப்பை நீட்டுகிறாள்.

“அத்தை, இந்தப் பட்டனை மேல இருக்கிற பார்ல இழுத்து விடுங்க.”

“எந்த பார்டி? மேல ஒண்ணும் காணோமே.”

“இருங்க, நான் பண்றேன்... ம், இப்ப அழுத்துங்க. எழுத்து பெருசாச்சா?”

“ஆமா, ஆயிடுச்சு.”

“எப்படி இருக்கு அத்தை?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா. கெட்டிக்காரி நீ.”

அவளுக்குச் சந்தோஷம். அத்தைக்கும் சந்தோஷம். ஆனால், இந்தச் சோதனையில் மிக முக்கியமான தகவல், அத்தை சொன்ன ‘நல்லா இருக்கு’ அல்ல. ‘மேல ஒண்ணும் காணோமே’ என்பதுதான். ‘நான் பண்றேன்’ என்று லேப்டாப்பை வாங்கிக்கொண்ட நொடியில் அந்தத் தகவல் கைநழுவிப் போனது. அவள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், முன்பின் தெரியாத ஆயிரம் அத்தைகள் அதே இடத்தில் நின்றுவிடுவார்கள்.

ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் 2013இல் எழுதிய ‘தி மாம் டெஸ்ட்’ என்ற நூல் பேசுவது இதைத்தான். ‘என் யோசனை எப்படி?’ என்று அம்மாவிடம் கேட்டால், அன்பினால் பொய் சொல்வார். அம்மா மட்டுமல்ல, நண்பர்களும் அப்படித்தான். எனவே, யோசனையைப் பற்றிக் கேட்காமல் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறது அந்த நூல். அன்பாலும் பொய் சொல்ல முடியாத கேள்விகளைக் கேட்பதுதான் அதன் சூட்சுமம்.

‘இது பிடிச்சிருக்கா?’ என்று கேட்பதைவிட, ‘கடைசியா எப்ப ஒரு செய்தியைப் படிக்க முடியாம மூடினீங்க? அப்ப என்ன பண்ணீங்க?’ என்று கேட்கலாம். ‘இதைத் தினமும் பயன்படுத்துவீங்களா?’ என்பதற்குப் பதிலாக, ஒரு வாரம் கழித்து, ‘இந்த வாரத்துல எத்தனை தடவை அழுத்துனீங்க?’ என்று கேட்கலாம். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் ஆசை பேசும். கடந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் உண்மை பேசும்.

கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

கேள்வியைவிட வலிமையான வழி ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்து பார்ப்பது.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் அறிமுகப்படுத்திய ஒரு முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பயனரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். ‘இது எதுக்கு இருக்கு?’, ‘இப்ப இதை அழுத்தணும் போல’, ‘என்ன, ஒண்ணுமே ஆகல?’ என்று அவர்கள் முணுமுணுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் வேலை, குறித்துக்கொள்வது மட்டும். உதவக் கூடாது, விளக்கக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது.

இதில் கடினமான பகுதி, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். பெற்ற பிள்ளை மேடையில் வசனத்தை மறந்து நிற்கும்போது கீழே உட்கார்ந்திருப்பது போன்ற தவிப்பு அது.

பயனரைத் தயார்ப்படுத்த ஒரே ஒரு வாக்கியம் போதும்: ‘உங்களைச் சோதிக்கல, இந்த டூலைத்தான் சோதிக்கிறோம். உங்களுக்குப் புரியலைன்னா அது டூலோட தப்பு.’ கணினி என்றாலே ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பெரியவர்களுக்கு இந்த வாக்கியம் அவசியம். இல்லாவிட்டால் தடுமாற்றத்தை மறைத்துவிடுவார்கள். மறைக்கப்பட்ட தடுமாற்றத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

கேட்டதை எல்லாம் செய்யலாமா?

கருத்து வரத் தொடங்கினால் அடுத்த சோதனை காத்திருக்கிறது. ஒருவர் பச்சை நிறம் கேட்பார், இன்னொருவர் ஆடியோ கேட்பார், மூன்றாமவர் வாட்ஸ்அப் பட்டன் கேட்பார். எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரே கிளிக்கில் ஒரே வேலை செய்த கருவி கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் ‘இன்ஸ்டாபேப்பர்’. டம்ளர் நிறுவனத்தில் தலைமை டெவலப்பராக இருந்த மார்கோ ஆர்மென்ட், தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கி, 2008 ஜனவரியில் வெளியிட்ட சேவை அது. கணினியில் பார்த்த நீண்ட கட்டுரைகளை ரயிலில் போகும்போது ஐபோனில் படிக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. அதற்காக ‘ரீட் லேட்டர்’ என்று ஒரு புக்மார்க்லெட். எந்தப் பிரிவில் சேமிக்க, என்ன குறிச்சொல் என்றெல்லாம் கேட்காது. அழுத்தினால், சேமித்துவிட்டதாக ஒரு சின்னப் பெட்டியில் சொல்லிவிட்டு மறைந்துவிடும்.

அந்தச் சின்னப் பெட்டியைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்தது என்று கருவி சொல்லாவிட்டால், பயனர் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அழுத்திக்கொண்டே இருப்பார். புதிய வசதிகளைக் குவிப்பதைவிட, இதுபோன்ற ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதே பல நேரங்களில் பெரிய முன்னேற்றம்.

பயனர் சொல்லும் வலியை நம்பலாம், அவர் சொல்லும் மருந்தை அப்படியே ஏற்க வேண்டாம். ‘பச்சை நிறம் வேணும்’ என்றால், ‘ஏன்?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ‘இப்ப இருக்கிற பட்டன் மத்ததோட கலந்து கண்ணுக்கே தெரியல’ என்று பதில் வரலாம். அப்படியானால் பிரச்னை நிறத்தில் இல்லை, பெயரில் இருக்கலாம். புக்மார்க்கின் பெயரை மாற்றினாலே தீர்ந்துவிடும். ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

சோதிப்பவர்கள் கவனத்துக்கு...

இதுவரை சொன்னது உருவாக்குபவர்களுக்கு. தெரிந்த பையன், அக்கா மகள், அலுவலக நண்பர் என்று யாராவது, ‘நான் ஒரு டூல் பண்ணியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க’ என்று லிங்க் அனுப்பினால், நாம் என்ன செய்யலாம்?

முதலில் பாதுகாப்பு. புக்மார்க்லெட்டை அழுத்தும்போது, திறந்திருக்கும் பக்கத்தில் உள்ளதை எல்லாம் அதனால் படிக்க முடியும். அந்தப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்வதையும் பார்க்க முடியும், வேறு இடத்துக்கு அனுப்பவும் முடியும். எனவே அறிமுகம் இல்லாதவர் தந்த நிரலை நிறுவ வேண்டாம். தெரிந்தவர் தந்ததாக இருந்தாலும் வங்கி, மின்னஞ்சல், ஆதார் தொடர்பான பக்கங்களில் அழுத்த வேண்டாம். சாதாரணச் செய்திப் பக்கத்தில் சோதித்தால் போதும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2010, 2011 வாக்கில், ‘இந்த நிரலை முகவரிப் பெட்டியில் ஒட்டுங்கள், அதிசயம் பாருங்கள்’ என்ற மோசடிகள் ஃபேஸ்புக்கில் பரவின. ஒட்டியவர்களின் கணக்கிலிருந்தே நண்பர்களுக்கு அதே செய்தி பறந்தது. அதனால்தான் இப்போது முகவரிப் பெட்டியில் அப்படி நிரலை ஒட்டினால், அது ஓடாதபடி குரோம் போன்ற பிரவுசர்கள் முன்பகுதியை வெட்டிவிடுகின்றன. நேர்மையாக உருவாக்கும் ஒருவர், தன் கருவி எதைப் படிக்கிறது, எதை அனுப்புகிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கேளுங்கள். அந்தக் கேள்வியும் அவருக்குப் பயனுள்ள கருத்துதான்.

அடுத்து, சொல்லும் விதம். ‘வேலை செய்யல’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. டாக்டரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவது போன்றது அது. இந்த ஐந்து விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்:

• எந்தக் கருவி? கைப்பேசியா, லேப்டாப்பா? குரோமா, சஃபாரியா?

• எந்தத் தளத்தில் அழுத்தினீர்கள்?

• என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?

• உண்மையில் என்ன நடந்தது? முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் சொந்த விவரங்கள் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• எந்த இடத்தில், ‘போதும்பா’ என்று விட்டுவிடத் தோன்றியது?

‘ஆண்ட்ராய்டு போன், குரோம். புக்மார்க்கைத் திருத்துற இடம் வரைக்கும் வந்தேன். நிரலை எங்கே ஒட்டணும்னு புரியல. பத்து நிமிஷம் தேடிட்டு விட்டுட்டேன்.’ இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி, ‘சூப்பர் தம்பி, வாழ்த்துகள்’ என்ற பத்துச் செய்திகளைவிட மதிப்புள்ளது. பாராட்டினால் அந்தத் தம்பிக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வரும். இந்த நாலு வரி வந்தால் மறுநாள் காலை அவன் கருவி மேம்படும்.

மனம் நோகுமே என்ற தயக்கம் இயல்பானது. ஆளைக் குறை சொல்லாமல் அனுபவத்தைச் சொன்னால் யாருக்கும் நோகாது. ‘நீ சரியாப் பண்ணல’ என்பது குற்றச்சாட்டு. ‘நான் இந்த இடத்துல நின்னுட்டேன்’ என்பது தகவல். குறை சொல்ல எதுவுமே இல்லை, மறுநாளும் அதை அழுத்தினீர்கள் என்றால், அதையும் சொல்லிவிடுங்கள். ‘இன்னிக்கு மூணு தடவை யூஸ் பண்ணேன்’ என்ற தகவல் எந்தப் பாராட்டையும்விடத் தெம்பு தரும்.

கோடிங் தெரியாதவர்கள், ‘நான் என்னத்தைச் சொல்றது?’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், உருவாக்கியவருக்கு மிகவும் தேவைப்படுபவர் அவர்தான். தெரிந்தவர் கண்ணுக்குப் படாத இடறல்கள் எல்லாம் தெரியாதவர் காலில்தான் படும். அதைச் சொல்ல ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த முறை யாராவது கூச்சத்தோடு ஒரு லிங்க்கை நீட்டினால், ஒரு தம்ஸ்-அப் போட்டு நகர்ந்துவிடாமல் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள்.